யார் கை வைத்த பல்?

அத்தியாயம் 6

கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தாய்வீட்டிலிருந்து அண்ணன் வந்து அழைத்துப் போகும்வரை நான் வாசல்படி தாண்டக் கூடாது என்பது வடக்கனந்தலில் எங்கள் பக்கத்து முறை. அந்தச் சனிக்கிழமைக் காலையில் நான் அடுப்படியில்தான் இருந்தேன். கரும்பு வெட்டும் ஆட்களுக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. அருள்மொழி. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கரியாலூர் சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

"கோகிலா, உன் கொழுந்தனாரு இளவரசன் இங்க வந்துக்கிறாருடி. வலி மாத்திரை கேட்டாரு."

"மரவள்ளி லோடு ஏத்த மலைக்குப் போனாரு. தலவலியா?"

"தலவலி இல்ல. துண்ட தாடையோட சேத்துக் கட்டிக்கினு வந்தாரு. அவுருங்கன்னா மாட்டேன்றாரு. நானே இழுத்து அவுத்தேன். எடது பக்கம், கீழ் தாடை. நல்லா வீங்கிக்குது. நூத்தி ரெண்டு ஜுரம்."

நான் அடுப்பை அணைத்தேன். சோறு பாதிதான் வெந்திருந்தது.

இடது பக்கம், கீழ்த் தாடை. அதே இடம்.

என் கணவர் அன்புச்செல்வன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தாடை வீங்கியது. புதன்கிழமை வீக்கம் மோவாய்க்குக் கீழே இறங்கிக் கழுத்தைப் பிடித்தது. குரல் மாறியது. வியாழக்கிழமை விடிவதற்குள் மூச்சு அடைத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நாங்கள் கொண்டுபோன நேரம் அப்படி. அவருக்கு முப்பத்திரண்டு வயது.

பிடுங்கியவர் ஜீவா. கள்ளக்குறிச்சியில் ஒரு சந்துக்குள், மாடியில் கடை. என் மாமனார் சுப்புராயனுக்குப் பல்செட் கட்டியவர். அந்த செட்டைப் போட்டுக்கொண்டு மாமனார் கரும்பையே கடித்துத் தின்றார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினார். சுவர் நேராக நின்றால் கொத்தனார் கெட்டிக்காரர். செட் ஆடாமல் நின்றால் பல் டாக்டர் கெட்டிக்காரர். எங்கள் வீட்டில் யாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை.

என் கணவர் பல் பிடுங்கப் போன அன்று இவரோடு கூடப் போனது நான். சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தது. மேலே மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே முத்திரையும் நம்பரும் இருந்தன. இந்த வீட்டில் காகிதம் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கரும்பு ஆலையின் வெட்டு உத்தரவிலிருந்து மின்சார வாரியத்தின் நோட்டீஸ் வரைக்கும் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. நான் பி.ஏ. படித்தவள். "கவுன்சில் நம்பர் இருக்குதுங்க, உள்ள போங்க" என்று இவரிடம் சொன்னேன்.

அந்த நம்பர் உண்மையானதுதான். பல்செட் செய்கிற மெக்கானிக்குகளுக்கும் கவுன்சில் பதிவு கொடுக்கிறது. டாக்டர் அச்சு எடுத்து அனுப்பினால் அதை வைத்து செட் செய்து கொடுக்கலாம். நோயாளியின் வாயில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. சான்றிதழின் நடுவில் மெக்கானிக் என்றுதான் போட்டிருந்ததாம். நான் மேல் வரியைப் படித்தேன், கீழே நம்பரைப் படித்தேன். நடு வரியைப் படிக்கவில்லை.

"கோகிலா, இருக்கியா?" என்றாள் அருள்மொழி.

"இருக்கேன்."

"உடனே கீழ எறக்கணும். 108-ஐ கூப்புட்றேன்னா ஏறமாட்டேன்றாரு. பெரிய ஆஸ்பத்திரினு வாயத் தொறந்தேன், எழுந்து போயி வண்டில படுத்துக்கினாரு. எங்க டாக்டரு கேம்ப்புக்குப் போயிட்டாரு, சாயந்திரம்தான் வருவாரு. சாயந்திரம் வரைக்கும் வெச்சிக்கினு இருக்கற விஷயம் இல்லடி இது."

மாமியார் பெரியநாயகி கொல்லைப் பக்கமிருந்து உள்ளே வந்தார்.

"யாரு போன்ல? ஏன் அடுப்ப அமத்திட்ட?"

சொன்னேன்.

அத்தை அழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு நாளா கஞ்சிதான் குடிக்கிறான். அண்ணன நெனச்சிக்கினு சோறு எறங்கலனு நெனச்சேனே."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியவள் நான்.

"மாமாகிட்ட சொல்லணும் அத்தை."

"அவரு எப்பிடி வருவாரு? வெட்டின கரும்பு காட்டுல கெடக்குது. பன்னெண்டு மணிக்கு லாரி. நீ கெளம்பு."

"எங்கண்ணன் இன்னும் வந்து அழைக்கலயே அத்தை..."

"உங்கண்ணன் வர்ற வரைக்கும் எம் புள்ள இருக்கணும் இல்ல? செருப்ப மாட்டு."

வாசல் தாண்டும்போது என் பின்னாலிருந்து சொன்னார்: "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிட்றேன். அந்தப் பெரியாஸ்பத்திரி வாசல்ல இன்னொரு புள்ளய நான் வுடமாட்டேன். வேற எங்க வேணா இட்டுக்கினு போ."

கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அத்தையும் நானும் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்கள் என் கழுத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"ஒரு மாசங்கூட ஆவல. பஸ் ஏறிட்டா பாரு."

அத்தை முன்னால் குனிந்தார். "ஆமாம்மா. மருமவளும் நானும் ஜாலியா அருவி பாக்கப் போறோம். நீயும் வரியா?"

அதற்குப் பிறகு அவர்கள் கரியாலூர் வரை திரும்பவில்லை.

இளவரசனின் லோடு வண்டி சுகாதார நிலையத்துக்கு எதிரே நின்றிருந்தது. பின்னால் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள் பாதிவரை ஏற்றியிருந்தன. கீழே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் பாவாடை, எங்களைப் பார்த்ததும் அதைத் தரையில் போட்டு மிதித்தார்.

"வா பெரிம்மா. உம் புள்ள காலைலேர்ந்து ஒரு வார்த்த பேசல. பேசாத வாயப் பாத்தா எனக்கே பயமாக்குது. சும்மா இருக்கற வாயா அது?"

இளவரசன் முன் சீட்டில் சாய்ந்து கிடந்தான். துண்டை மறுபடியும் கட்டியிருந்தான். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"அண்ணி, நீ ஏன் வந்த? நீ வரக் கூடாது."

வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. ஆனால் குரல் அவன் குரல்தான். எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் புதன்கிழமை மத்தியானம் என் கணவர் என்னைக் கூப்பிட்டபோது, யாரோ வெளியாள் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"கள்ளக்குறிச்சிக்குப் போறோம்" என்றேன்.

"பெரியாஸ்பத்திரின்னா வரல."

"பல் டாக்டருகிட்ட. தனியார். ஒழுங்கா படிச்ச டாக்டரா நான் பாத்து வெக்கிறேன்."

அவன் என்னைப் பார்த்தான். போன முறையும் நான்தான் பார்த்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு அது கேட்டது.

அருள்மொழி என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"பி.டி.எஸ்.ஸு, அஞ்சு வருஷம். அதான் பல் டாக்டரு. எம்.டி.எஸ்.ஸுன்னா அதுக்கு மேல மூணு வருஷம். அதுலயும் கம்பி மாட்றவங்க வேற, வேர் வைத்தியம் பண்றவங்க வேற, தாடை ஆபரேஷன் பண்றவங்க வேற. இந்த ரெண்டும் இல்லாம போர்டுல வேற எது எழுதிக்கிந்தாலும் உள்ள போவாத."

"கவுன்சில் நம்பர்?"

அவள் மூட்டையின் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "நம்பரு மட்டும் பத்தாதுடி. யாரோட நம்பரு, எதுக்குக் குடுத்த நம்பருனு பாக்கணும். பேரையும் நம்பரையும் வாங்கி எனக்கு அனுப்பு. நான் லிஸ்ட்ல தேடிச் சொல்றேன். அப்பறம், ஒத்தடம் கித்தடம் எதுவும் குடுக்க வுடாத."

முன் சீட்டில் பாவாடை, நடுவில் இளவரசன், ஓரத்தில் அத்தை. எனக்கு இடமில்லை. நான் பின்னால் ஏறி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தேன். பாவாடை தலையை வெளியே நீட்டி, "கயித்த புடிச்சிக்க தங்கச்சி. ஒவ்வொரு வளைவுலயும் நான் கொரல் குடுக்கறேன்" என்றார்.

குரல் கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் "வுழுந்திராத!" என்று கத்தினார். நான் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு மறு கையில் போனைப் பிடித்திருந்தேன். பாதி மலை இறங்கிய பிறகுதான் சிக்னல் வந்தது. கள்ளக்குறிச்சி, பல் மருத்துவமனை என்று தேடினேன். வரிசையாக வந்தன. சிரிக்கிற வாய்களின் படம் போட்டு, நட்சத்திரம் போட்டு, வலியில்லாமல் என்று போட்டு வந்தன. டாக்டர் என்ன படித்தவர் என்று பாதிக்கு மேல் போடவே இல்லை.

முதலாவதைக் கூப்பிட்டேன்.

"டாக்டர் பி.டி.எஸ்.ஸா?"

"எல்லாம் பாத்துக்கலாம்மா. நீங்க வாங்க."

"கவுன்சில் பதிவு நம்பர் சொல்ல முடியுங்களா?"

"நேர்ல வாங்கம்மா, பேசிக்கலாம்." வைத்துவிட்டார்.

இரண்டாவதில் ஒரு பெண் பேசினாள். "டாக்டரு எம்.டி.எஸ்.ங்க. புதன், ஞாயிறு மட்டும் சேலத்துலேர்ந்து வருவாரு. அவசரம்னா வாங்க, இங்க அசிஸ்டென்ட் அண்ணன் இருக்காரு. பதினஞ்சு வருஷ அனுபவம். அவரே எடுத்துடுவாரு."

"அவரு இன்னா படிச்சிருக்காரு?"

"இன்னாங்க நீங்க, பொண்ணு பாக்க வர்ற மாதிரி கேக்கறீங்க!"

மூன்றாவதிலும் ஒரு பெண்தான் எடுத்தாள். நான் கேட்டதும் எரிச்சலோடு, "மேடம், யாரோ உங்க நம்பர் கேக்கறாங்க. போன் நம்பர் இல்லியாம்" என்று யாரிடமோ சொன்னாள். பிறகு வேறொரு குரல் வந்தது. வேகமாகப் பேசுகிற இளம் குரல்.

"நான்தான் டாக்டர் ஜெயசுதா. பி.டி.எஸ். நம்பர் சொல்றேன், எழுதிக்கறீங்களா? யாருக்கு, என்ன பிரச்சினை?"

எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அவர் சொன்ன எண்களை வாய்க்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லி, அருள்மொழிக்குத் தட்டி அனுப்பினேன். பிறகு வீக்கத்தைப் பற்றிச் சொன்னேன். "முழுங்க முடியுதா?" என்றார். "கஞ்சி" என்றேன். "நேரா வாங்க. எங்கயும் நிக்காதீங்க."

சமவெளி வந்து, கரும்பு லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அருள்மொழியின் பதில் வந்தது. "பேர் இருக்கு. பல் டாக்டர் பட்டியலில்தான் இருக்கு. போ."

ஒரு பெயரைச் சரிபார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஜெயசுதாவுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். இளவரசனை நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டை அவிழ்த்தார். அப்போதுதான் நான் முழுதாகப் பார்த்தேன். காதுக்குக் கீழே ஆரம்பித்து மோவாய்வரை வந்திருந்தது. தோல் பளபளவென்று இருந்தது.

"வாயைத் திறங்க."

ஒரு விரல் நுழைகிற அளவுதான் திறந்தது.

"நாக்கை மேல தூக்குங்க."

முயன்றான். கண்ணில் நீர் வந்தது. நாக்கு வரவில்லை.

மோவாய்க்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். ஒரு முறைதான். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"இதை நான் தொட மாட்டேன்."

"ஏம்மா, நீ டாக்டருதான?" என்றார் அத்தை.

"ஆமாம்மா. வீக்கம் பல்லோட நிக்கலை. நாக்குக்கு அடியில வந்துடுச்சு, கழுத்துக்கு இறங்கிட்டிருக்கு. தாடை அறுவை சிகிச்சை படிச்ச எம்.டி.எஸ். வேணும். மயக்க மருந்து டாக்டர் வேணும், தியேட்டர் வேணும். இங்க என்கிட்ட இந்த நாற்காலிதான் இருக்கு." அவர் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். "பெரிய ஆஸ்பத்திரி. நான் போன் பண்ணிச் சொல்றேன். பத்து நிமிஷத்துல அங்க இருக்கணும்."

அத்தை என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணைத் தேடித்தானா மலையிலிருந்து அப்படி உருண்டு வந்தோம் என்கிற பார்வை.

வெளியே வந்ததும் இளவரசன் படியில் உட்கார்ந்துவிட்டான். பாவாடை வண்டியைத் திருப்பி வைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"வரல அண்ணி."

"இளவரசு..."

"வுட்டுடு. அண்ணன் போன மாதிரியே போறேன். எனக்கு அதான் சரி."

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கையில் பையை இறுக்கிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். இருபத்து மூன்று நாளாக நான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருந்தது. அந்தப் புதன்கிழமை முழுக்க என் கணவருடைய கழுத்துக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தது அத்தைதான். ஆஸ்பத்திரி எதற்கு, நாளைக்குப் பார்ப்போம் என்றதும் அவர்தான். நானும் சரி என்றேன். சரி என்று சொன்னதால் அதைப் பேசுகிற உரிமை எனக்கு இல்லை என்று இருந்தேன்.

"அத்தை, அவர அந்த ஆஸ்பத்திரி வாசல் கொல்லல."

அவர் திரும்பவில்லை.

"புதன்கெழம காலைலயே வீக்கம் கழுத்துக்கு வந்துடுச்சு. நாம வியாழக்கெழம கொண்டுகினு போனோம். அதான். இப்ப மணி ஒண்ணே கால். இவருக்கு இன்னும் கொரல் இருக்குது. அவரோட புதன்கெழம காலைலதான் இப்ப நாம நிக்கறோம் அத்தை."

எதிர்க் கடையில் யாரோ ஷட்டரை இழுத்துவிட்டார்கள். அத்தை பையை என் கையில் கொடுத்தார். படியில் ஏறி, இளவரசனின் சட்டையைத் தோளோடு பிடித்து, முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"எழுந்திருடா. என்னத் தூக்க ஒருத்தனாச்சும் வேணும்டா எனக்கு. எழுந்திரு."

எழுந்தான்.

அந்த வாசலில் வண்டி நுழைந்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். பாவாடை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. காவலாளி திட்டினார். பாவாடையும் பதிலுக்கு நன்றாகத் திட்டினார்.

ஜெயசுதா சொல்லிவைத்திருந்ததால் காத்திருக்க நேரவில்லை. ஊசி போட்டார்கள், படம் எடுத்தார்கள். தாடை அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். நரைத்த மீசை, தூக்கமில்லாத கண்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை முழுசாகப் படித்தேன். பெயர், எம்.டி.எஸ்., அதற்குக் கீழே என்ன பிரிவு என்பது. ஒரு வரியும் விடவில்லை.

"பட்டையை அப்பறம் படிக்கலாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்தப் பல்லுல ஏற்கெனவே யாரோ கை வெச்சிருக்காங்க. மேல் பாதியை உடைச்சு எடுத்திருக்காங்க. வேர் உள்ளேயே கிடக்கு. அதுதான் சீழ் பிடிச்சிருக்கு. யாரு பண்ணது?"

நான் இளவரசனைப் பார்த்தேன். அவன் பல் பிடுங்கிக்கொண்டதே எங்களுக்குத் தெரியாது.

"எப்படா போன?" என்றார் அத்தை. "எவங்கிட்டடா போன?"

அவன் ஏதோ சொன்னான். வாய் முழுதும் எச்சில்தான் வந்தது.

"பேச வேணாம்" என்றார் டாக்டர். "எழுதிக் குடுங்க. யாரு, எப்போ. நான் பதிவு பண்ணணும்."

நர்ஸ் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் கொடுத்தாள். அவன் முழங்காலில் வைத்து எழுதினான். ஒரு பெயரை எழுதுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. எழுதிவிட்டு டாக்டரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினான்.

"ஜீவாகிட்ட. ரெண்டு மாசம் முன்னாடி. பாதி உள்ளயே ஒடஞ்சிடுச்சி, தானா வந்துடும்னாரு. உசுரு போற மாதிரி வலி. அண்ணன் பயந்துகினு இருந்தாரு. எனக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல, தைரியமா போண்ணானு நாந்தான் சொன்னேன்."

'அவரு கைல வலியே தெரியாதாம் கோகிலா' என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் சட்டை போட்டுக்கொண்டே சொன்னார். மாமனார் சொன்னதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"இன்னா எழுதிக்கிறான்?" என்றார் அத்தை. அவருக்கு எழுத்துத் தெரியாது. "படி."

இளவரசன் கண்ணை மூடியிருந்தான்.

"ஜீவாகிட்டதான் போயிருக்காரு அத்தை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அத்தை."

டாக்டர் சீட்டை என் கையிலிருந்து வாங்கினார். படித்தார். கடைசி வரிவரை அவர் கண் போவதைப் பார்த்தேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சீட்டை கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தினார்.

"கீறிச் சீழை எடுக்கணும், வேரையும் எடுக்கணும். மூச்சு அடைச்சா கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டி வரலாம். கையெழுத்து யாரு போடுறது?"

நான் போட்டேன். உறவு என்ற இடத்தில் அண்ணி என்று எழுதினேன்.

தள்ளுவண்டியில் படுக்கவைத்தபோது அவன் என் புடவை முனையைப் பிடித்திருந்தான். அவன் விரல்களை நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அத்தையும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். போன முறை உட்கார்ந்த அதே நடைதான். பெஞ்சு மட்டும் வேறு. பாவாடை டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, கிழங்கு மூட்டைகளைக் காயவிட முடியாது என்று தயங்கித் தயங்கிப் போனார். டீ ஆடை கட்டியது.

அத்தை டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"கோகிலா."

"இன்னா அத்தை?"

"அஞ்சு வரி எழுதினான். நான் எண்ணினேன்."

இளவரசன் பிடித்துக் கசங்கியிருந்த புடவை முனையை நீவினேன்.

"படிக்கத்தான் தெரியாது எனக்கு. எம் புள்ள மூஞ்சி தெரியும். மொத வரிக்கு அப்பறந்தான் அழுதான்."

"அவரு வெளிய வரட்டும் அத்தை. அவரே சொல்லட்டும்."

"வெளிய வரலன்னா?"

கதவு திறந்தது. இருவரும் எழுந்தோம். டாக்டர் இல்லை, நர்ஸ். ரத்தம் ஏற்பாடு செய்வது பற்றி யாரையோ தேடிக்கொண்டு வந்திருந்தாள். மத்தியானம்தான் வேலைக்கு வந்தவள் போலிருந்தது, முதலில் சீட்டு கொடுத்த நர்ஸ் இல்லை இவள். அவள் கையில் இளவரசனின் கேஸ் ஷீட் இருந்தது.

அத்தை நேராக அவளிடம் போனார்.

"அம்மாடி, உள்ள இருக்கறது எம் புள்ள. இதுல ஒரு துண்டுச் சீட்டு குத்தி வெச்சிக்கிறாங்க. அதுல இன்னா எழுதிக்கிறான்னு கொஞ்சம் படிச்சிச் சொல்றியா? எனக்குப் படிக்கத் தெரியாது."

நான் எழுந்த இடத்திலேயே நின்றேன். அத்தை என்று கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிடவில்லை.

நர்ஸ் தாளைப் புரட்டினாள். அவளுக்கு எங்களைத் தெரியாது. வயதான அம்மா கேட்கிறார் என்று, காது கேட்காதவர்களிடம் சொல்வது போல, சத்தமாகவே படிக்க ஆரம்பித்தாள்.